சிறு ஹெலிகாப்டர் அமைக்கும் முறை

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்திலே, சச்சந்தன் என்னும் வேந்தன் தன் தேவி விசயையின் பொருட்டு ஒரு மயிற்பொறி செய்விக்கின்றான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு தொழில் வல்லான் ஒருவன் ஏழு நாளில் அதனைச் செய்து முடித்தான் என்றும், பொறியை வலப்புறம் திருகின் அது வானில் எழும், இடப்புறம் திருகின் நிலத்தில் இறங்கும் என்றும் திருத்தக்கதேவர் கூறுகின்றார். இப்பகுதியை யான் விடுதியில் உரக்கப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், உடனுறையும் பௌதிக மாணவ நண்பர் குறுக்கிட்டு, "பண்டங்களின் பெயரைச் சொன்ன புலவர், ஒவ்வொன்றும் எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று சொல்லவில்லையே" என்று நகைத்தார். காவியத்திற்கு அது வேண்டுவதன்று என்று விடையிறுத்தேன். ஆயினும் அவ்வினா எங்களை விட்டு அகலவில்லை. முடிவில் இருவரையும் ஒரு சிறு ஹெலிகாப்டர் செய்யும் முயற்சியில் இழுத்துவிட்டது. சிந்தாமணித் தச்சன் ஏழு நாளில் முடித்ததை யாங்கள் ஏழு மாதத்தில் முடித்தோம். அங்ஙனம் கற்றவற்றைப் பௌதிகம் பயிலாதார்க்கும் விளங்குமாறு ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

இது ஆளை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் அன்று. நீளம் ஏறத்தாழ 65 செ.மீ.; எடை 800 கிராம். தலைமேற் சுழலும் இரு சிறகுகளும் சேர்ந்து 70 செ.மீ. அகலமுள்ள வட்டத்தை அளக்கும். நிலத்தில் நிற்பவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் வானொலி அலைகளால் ஆணையிட, பொறியிலுள்ள ரிசீவர் அவ்வாணையை ஏற்று உறுப்புக்களை இயக்கும். மின்சாரமே இதன் உயிர். இவ்வளவினதான பொறியை அன்பர்கள் 450 என்னும் வகுப்பிற் சேர்ப்பர். 600 வகுப்பின் சிறகு 600 மி.மீ. நீளமுடையது, ஆனால் 450 வகுப்பின் சிறகு 450 மி.மீ. அன்று, 325 மி.மீ. மட்டுமே. பெயரை நம்பிச் சிறகு வாங்கச் சென்ற யாம் கடையில் வெட்கினோம்.

இதனை இக்காலத்தில் எங்கும் காணப்படும் நான்கு விசிறி ட்ரோனோடு ஒன்றாக எண்ணுதல் தகாது. ட்ரோனில் விசிறியின் சாய்வு மாறாது, வேகம் மாறும். நான்கு மோட்டார்களும் கூடியும் குறைந்தும் சுழல்வதால் அது ஏறும், இறங்கும், திரும்பும். ஹெலிகாப்டரிலோ இதற்கு நேர்மாறு. சுழலும் வேகம் மாறாதிருக்க, சிறகின் சாய்வு மாறும். சிறகு 5 அல்லது 6 பாகை சாய்ந்திருப்பின் பொறி ஓரிடத்தில் நிற்கும். 10 பாகைக்கு உயர்த்தின் விரைந்து மேலேறும். எதிர்ப்புறம் சாய்ப்பின், தலைகீழாகவும் பறக்கும். ஆகவே மாறாத ஒரு வேகம் இப்பொறிக்கு முதற்கண் வேண்டும். உறுப்புக்களைத் தேர்வதன் மருமம் முழுவதும் இவ்வொன்றிலே அடங்கியுள்ளது. இதனை அறியாமையால் எங்கள் முதல் மூன்று மாதங்களும், சேர்த்து வைத்திருந்த பணத்திற் பாதியும் வீணாயின.

வரலாற்றைச் சுருங்கக் கூறின், ஆளேறும் ஹெலிகாப்டருள் சிக்கோர்ஸ்கியின் வி.எஸ்.-300 என்பது கயிற்றாற் கட்டப்பட்ட நிலையில் 1939 செப்டம்பர் 14-ஆம் நாள் நிலத்தினின்றும் எழுந்தது. வானொலியாற் செலுத்தும் சிறு ஹெலிகாப்டரை உண்மையில் அடக்கிப் பறக்கவிட்ட முன்னோடியாக ஜெர்மானியராகிய டீட்டர் ஷ்லூட்டர் போற்றப்படுகின்றார். அவர் வெற்றி கண்டது 1970-ஐ ஒட்டிய காலம். அவை எண்ணெய் எரித்துப் புகை கக்கும் எஞ்சின்களால் இயங்கின. மின்சாரத்தால் இயக்க முயன்றோர்க்குப் பாட்டரியின் எடையே நெடுங்காலம் பகையாயிற்று. லித்தியம் பாலிமர் பாட்டரியும், தூரிகையில்லாத மோட்டாரும் மலிந்த பின்னரே, அஃதாவது 2000-க்குப் பிற்பட்ட ஆண்டுகளிலே, அப்பகை ஒழிந்தது. அப்பத்தாண்டின் இடைப்பகுதியில் தைவான் நாட்டு அலைன் நிறுவனம் வெளியிட்ட டி-ரெக்ஸ் 450 என்னும் பொறி உலகெங்கும் பரவி, அவ்வகுப்பிற்கே இலக்கணம் போல் ஆயிற்று. அதனை ஒத்த உறுப்புக்களைப் பலரும் செய்து விற்றமையால், எம்போல்வாரும் ஒவ்வொன்றாய் வாங்கிக் கோக்க இயன்றது.

இனி எங்கள் பிழையைச் சொல்லுகின்றேன். உறுப்புக்களின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கைப்பொருளுக்கு எட்டியவற்றுள் பெரியதை வாங்குவதே சிறப்பென்று கருதினோம். மோட்டார் வேண்டுமென்று கேட்டபோது கடைக்காரர் ஒருவர் பருத்த மோட்டார் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதுதான் வலியது" என்றார், மகிழ்ந்து வாங்கினோம். நெடுநேரம் பறக்கவேண்டுமென்று 3300 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பாட்டரி வாங்கினோம். அனைத்தையும் பூட்டிச் சிறகைச் சுழற்றியபோது, பொறி புழுதியை எழுப்பியதேயன்றித் தான் எழவில்லை. மூக்கு நிலத்தை நோக்கிக் கவிழ்ந்தது. வலிய மோட்டாரும் பெரிய பாட்டரியும் ஒருங்கே அமைந்தும் பறவாமை எங்களுக்குப் பெரும் புதிராயிற்று.

அப்புதிரை அவிழ்த்தது ஒரு சிறு பெருக்கற் கணக்கு. மோட்டாரின் மேல் கே.வி. என்னும் குறியோடு ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது வலிமையைக் குறிப்பதன்று. சுமையின்றிச் சுழலும்போது, ஒரு வோல்ட் மின்னழுத்தத்திற்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதையே அது குறிக்கும். எங்கள் மோட்டாரின் எண் 1700. அது ஆறு அறைகள் கொண்ட பாட்டரிக்கென்று செய்யப்பட்டது. எங்கள் பாட்டரியில் மூன்று அறைகளே இருந்தன. ஓர் அறைக்கு 3.7 வோல்ட் ஆக, மொத்தம் 11.1 வோல்ட். 1700-ஐ 11.1-ஆற் பெருக்கச் சற்றேறக்குறைய 18,900 சுற்று. சுமை ஏறியவுடன் இதில் நூற்றுக்கு 85 பங்கே நிற்கும் என்று கொண்டால் 16,000. மோட்டார் நேரே சிறகைச் சுழற்றுவதில்லை. அதன் தண்டிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம், 150 பல்லுள்ள பெருஞ்சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு சிறகுகள் சுழலும். எங்கள் பினியனுக்கு 13 பல். எனவே 16,000-ஐ 13-ஆற் பெருக்கி 150-ஆல் வகுக்க, சிறகுகள் நிமிடத்திற்கு 1,390 முறையே சுழன்றன என்பது புலனாயிற்று. இவ்வகுப்பிற்கு வேண்டியதோ 2,400 அளவு. வேகம் அதிற் பாதிக்குச் சற்று மிகுதியாயினும், தூக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், அதே சாய்வில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. பொறி எழாமையில் வியப்பென்ன?

ஆகவே தேர்வின் முறை இதுவாகும். முதலிற் சிறகின் நீளத்தைக் குறித்து, அதற்குத் தக்க சுழல்வேகத்தைக் கொள்க. பின்னர் எடைக்கேற்பப் பாட்டரியின் அறைகள் எத்தனை என்று முடிவு செய்க. இவ்விரண்டும் அமைந்தபின், மோட்டாரின் கே.வி. எண்ணும் பினியனின் பல்லும் கணக்கிலிருந்து தாமே வந்து விழும். மூன்று அறைப் பாட்டரிக்கு 3500 கே.வி. மோட்டாரைக் கொண்டால், 11 பற் பினியனில் 2,420 சுற்றும், 12 பல்லில் 2,640 சுற்றும், 13 பல்லில் 2,860 சுற்றும் கிட்டும். ஒரு பல் கூடினால் 220 சுற்றுக் கூடுகின்றது! உருவத்தால் கடுகளவான அப்பல், பறப்பின் தன்மையையே மாற்றிவிடும். புதிதாய்ப் பழகுவார்க்கு 11 பல் போதும். மோட்டாரும் சூடேறாது, பொறியும் அமைதியாய் நிற்கும்.

பெரும்பாலோர் கேட்பது மோட்டாரின் விலையை. யானோ பினியனைப் பூட்டும் முறையைக் கேட்குமாறு சொல்வேன். இரு சக்கரங்களின் பற்களும் இறுகப் பொருந்தினால் தேய்ந்து ஓலமிடும். தளர்ந்து பொருந்தினால் பெருஞ்சக்கரத்தின் பற்கள் முறியும். இடைவெளி எவ்வளவு என்பதற்கு வல்லுநர் ஓர் எளிய உபாயம் சொல்வர். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரு பற்களிடையே செருகி, மோட்டாரை நெருக்கித் திருகாணியை முடுக்கிவிட்டு, தாளை உருவுக. தாள் கிழியாமல் மடிப்போடு வெளிவரின் இடைவெளி சரி.

மோட்டாருக்கும் பாட்டரிக்கும் இடையே நின்று, எவ்வளவு மின்சாரம் செல்லலாம் என்று ஆளுவது வேகக் கட்டுப்படுத்தி. இவ்வகுப்பிற்கு 35 முதல் 40 ஆம்பியர் தாங்குவது வேண்டும். இதிலே பலரும் கவனியாத பகுதி ஒன்றுண்டு. ரிசீவருக்கும், சிறகைச் சாய்க்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் பெக் என்னும் உறுப்பு இக்கட்டுப்படுத்தியுள்ளேயே அடங்கியிருக்கும். பழைய வகைப் பெக், மிகுதியான மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் கழிக்கும். நிறைந்த பாட்டரியின் 12.6 வோல்ட்டினின்று 5 வோல்ட்டுக்கு இறக்கி 2 ஆம்பியர் கொடுப்பதாயின், 15 வாட் வெறும் சூடாய்ப் போகும். சூடு மிஞ்சினால் பெக் உறங்கிவிடும். ரிசீவரும் உடன் உறங்கும். வானில் நிற்கும் பொறி அக்கணமே கல்லாகிவிடும். ஆதலின் சற்றுப் பொருள் மிகுதியாயினும், விட்டுவிட்டு மின்சாரத்தை அளந்து தரும் புதிய வகையையே கொள்ளுதல் நன்று. எங்கள் செலவில் யாங்கள் வருந்தாத செலவு இஃதொன்றே.

பாட்டரியைப் பற்றி முன்னரே சிறிது கூறினேன். 3300-ஐ ஒழித்து 2200 மில்லி ஆம்பியர் மணி கொண்டதை வாங்கியபோது எடையில் 90 கிராம் குறைந்தது. மூக்குக் கவிழ்தலும் நீங்கியது. சிறகின் நடுத்தண்டுக்கு நேர் கீழே பொறியின் எடை நடுநிலையாய் நிற்றல் வேண்டும்; இரு விரல்களால் தலையைப் பற்றித் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாட்டரியின் மேல் 25 சி என்றிருப்பின், தன் கொள்ளளவைப் போல் 25 மடங்கு மின்சாரத்தை வெளிவிட வல்லது என்பது பொருள். 2.2-ஐ 25-ஆற் பெருக்கின் 55 ஆம்பியர். நமக்கு அது போதியது. சராசரி 16 ஆம்பியர் செலவானால், ஐந்திலொரு பங்கை மிச்சம் வைத்து, ஆறரை நிமிடம் பறக்கலாம். ஏழு மாத உழைப்பிற்கு ஆறரை நிமிடமா என்று நகைத்த விடுதித் தோழர் பலர். பறக்கும்போது அவ்வாறரை நிமிடம் எத்துணை நெடிது என்பது அவர் அறியார்.

மிச்சம் வைப்பதற்கும் காரணமுண்டு. லித்தியம் அறை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கலாகாது. மேலேறின் தீப்பற்றும், கீழிறங்கின் கெட்டுப்போகும். வீங்கிய பாட்டரியை மீண்டும் மின்னேற்றுவது தீயோடு விளையாடுவதே. மின்னேற்றும் கருவி ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சமன்செய்வதாய் இருத்தல் வேண்டும். 2200-க்கு 2.2 ஆம்பியர் அளவில் ஒரு மணி நேரம் ஏற்றுதலே முறை. விடுதி மேற்பார்வையாளர் அறையில் மின்னேற்றக் கூடாதென்று தடுத்தபோது முதலில் வருந்தினோம். பிறகு அவர் சொல் நியாயமென்று உணர்ந்து, முற்றத்துச் சிமெண்டுத் தரையில் மண்சட்டிக்குள் வைத்து, அருகிலேயே ஒருவர் அமர்ந்து ஏற்றுகின்றோம். யான் சிந்தாமணி படிப்பது இப்போது பெரும்பாலும் அம்மண்சட்டியின் அருகேதான்.

இனித் தலைப்பகுதிக்கு வருவோம். மோட்டார் பாட்டரி முதலியவற்றைத் தவறாய்த் தேர்ந்தால் பணம் போகும். தலையைத் தவறாய்க் கோத்தால் கண் போகும். நிமிடத்திற்கு 2,400 சுற்று என்பது நொடிக்கு 40 சுற்று. 70 செ.மீ. வட்டத்தின் விளிம்பில் சிறகின் நுனி நொடிக்கு 88 மீட்டர், அஃதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் விரைகின்றது. 25 கிராம் எடையுள்ள ஒரு சிறகு, தன் எடைமையம் நடுத்தண்டினின்றும் 20 செ.மீ. தொலைவில் இருக்க இவ்வாறு சுழலுங்கால், ஏறத்தாழ 32 கிலோகிராம் சுமை தொங்கினாற்போலத் தன் பிடியை வெளிநோக்கி இழுக்கும். ஒரு நெல் மூட்டையில் பாதிக்கு அணித்தான சுமையைச் சிறு திருகாணி ஒன்று ஒவ்வொரு புறத்திலும் தாங்கி நிற்கின்றது. இதனை நண்பர் கணக்கிட்டுக் காட்டிய நாளில், அத்திருகாணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெல்மணியினும் சற்றே பெரியது.

அவ்விழுப்பைத் தாங்கிக்கொண்டே சிறகு சாய்வும் மாறவேண்டும். அதற்கென்றே பிடியினுள் இரு வளையங்களும் இடையே குண்டுகளும் கொண்ட தாங்கு பேரிங் ஒன்று வைக்கப்படும். பார்வைக்கு வளையம் இரண்டும் ஒன்றே. ஆயின் ஒன்றன் துளை மற்றதினும் மயிரளவு பெரிது. பெரிய துளையுள்ளது உள்ளே நடுத்தண்டை நோக்கியும், சிறிய துளையுள்ளது வெளியே திருகாணியை நோக்கியும் இருத்தல் வேண்டும். மாற்றி வைத்தால் சிறகைச் சாய்ப்பது கடினமாகிச் சர்வோக்கள் திணறும். பேரிங்கும் விரைவில் பொடியாகும். சந்தியில் ஒற்று மிகுமிடம் மிகாவிடம் போலே இஃதும் நுண்ணியது. தவறினார்க்கே அதன் அருமை தெரியும்.

சர்வோக்கள் மூன்று, 120 பாகை இடைவெளியில் நின்று, ஸ்வாஷ் தட்டு என்னும் வட்டத்தட்டை உயர்த்தியும் தாழ்த்தியும் சாய்த்தும் சிறகுகளை ஆளும். மூன்றும் ஒரே வகையாய், ஒரே வேகமுடையனவாய் இருத்தல் வேண்டும். நான்காவது சர்வோ வாலுக்குரியது. அது வலிமையினும் விரைவில் மிக்கதாதல் வேண்டும். 60 பாகை திரும்ப ஒரு நொடியில் நூற்றில் ஆறு பங்குக்கு மேல் எடுப்பதைத் தள்ளுக.

வால் எதற்கென்றால், மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாய்ச் சிறகு சுழலும்போது உடல் இடஞ்சுழியாய்த் திரும்ப முயலும். அதனை வாலின் சிறு சுழலி தடுக்கின்றது. காற்று அசைத்தாலும் வால் நிலைபெயராதபடி நொடிதோறும் திருத்துவது கைரோ. இக்கைரோவைத் தலைகீழாய் அமைத்துவிடின், திரும்பலைத் தடுப்பதற்குப் பதிலாய் அதற்குத் துணைபோகும். ஆதலின் பறக்கவிடுமுன், பொறியைக் கையிலேந்தி மூக்கை ஒருபுறம் திருப்பி, வாற் சிறகுகள் அதனை எதிர்க்கும் திசையிற் சாய்கின்றனவா என்று பார்த்தல் இன்றியமையாதது. வாலுக்கு விசை கொண்டுசெல்லும் பட்டையையும் 90 பாகை முறுக்கியே மாட்டவேண்டும். எப்புறம் முறுக்குவது என்பதிலே வலமும் இடமும் மயங்கினால் வாற்சுழலி எதிர்த்திசையிற் சுழலும். விசயையின் மயிலுக்கு வலந்திருகலும் இடந்திருகலும் போல இதற்கும் அதுவே உயிர்நிலை.

எங்கள் பொறி வீழ்ந்ததும் வாலாலேயே. அன்று காலை, ஆளில்லாத மைதானத்தில், தலையளவு உயரத்தில் அது அசையாது நின்றது. மூன்றாம் நிமிடத்தில் திடீரெனப் பம்பரமாய்ச் சுழலத் தொடங்கிற்று. மோட்டாரை ஒரே தட்டில் நிறுத்தும் பொத்தானை நண்பர் உடனே தட்டினார். ஆயினும் சிறகு தரையிற் பட்டு முறிந்தது. முறிந்த துண்டை இருபது அடி தள்ளிப் புல்லில் கண்டெடுத்தோம். அங்கே சற்றுமுன் யான் அமர்ந்து காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன்.

காரணம் தேடினோம். வாற்சிறகைச் சாய்க்கும் நெம்புகோலைப் பிணித்த திருகாணி ஒன்று அதிர்வினாற் கழன்று போயிருந்தது. உலோகத்தில் உலோகம் புகும் திருகாணி ஒவ்வொன்றிலும் பூட்டுப்பசை ஒரு துளி இடவேண்டும். பிளாஸ்டிக்கிற் புகுவனவற்றில் இடலாகாது. அவ்வேலை என்னுடையது. இரவெல்லாம் இருந்து ஒவ்வொன்றாய் இட்டேன். வாலுக்கு வரும்போது மணியடிக்க, மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று மூடிவைத்தேன். மறுநாள் எல்லாம் இட்டாயிற்றென்றே எண்ணினேன். நண்பர் கேட்டபோதும் அவ்வாறே சொன்னேன். உண்மையை அறிந்தபின் அவர் என்னைக் கடிந்திலர். ஒரு தாளை எடுத்து, திருகாணிகளை எல்லாம் எண்ணிட்டு எழுதி, எதிரே கட்டம் வரைந்து என் கையிற் கொடுத்தார். அப்பட்டியலில் 61 திருகாணிகள் உள்ளன.

புதிய சிறகுகள் வந்துவிட்டன. மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கழற்றிவைத்த பின்னரே இப்போது மேசைமேல் சர்வோக்களைச் சரிபார்க்கின்றோம். இணைத்த மோட்டார் அறைக்குள் திடீரெனச் சுழன்றாற் போக்கிடமில்லை. பறக்கவிடும்போது பத்து மீட்டருக்குக் குறையாத தொலைவில் நிற்கின்றோம். சக்கரம்போல் பரந்த பயிற்சிக் கால்களைக் கட்டியுள்ளோம். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி நம் நாட்டு வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் மண்டலங்களாகப் படத்திற் குறிக்கப்பெற்றுள்ளமையால், மைதானம் எம்மண்டலத்தது என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்கின்றோம். சென்ற சனிக்கிழமை காலை, 11 பற் பினியனோடு, முழங்கால் உயரத்தில் நான்கு நிமிடம் நின்றது. இறக்கியபின் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தோம். கை பொறுக்கும் சூடே இருந்தது. பட்டியலை எடுத்து, 61 திருகாணிகளையும் மீண்டும் ஒவ்வொன்றாய் முடுக்கிப் பார்க்க உட்கார்ந்தோம்.